கோத்தகிரி பக்கம் 5 சென்ட் மனை, "லேஅவுட் அப்ரூவல் இல்ல, ஆனா பத்திரம் ஆகும்"னு புரோக்கர் சொல்றார், வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் எந்த ஊருன்னு போடல. கேட்ட விதத்த வச்சு கோயமுத்தூரோ திருப்பூரோன்னு நெனைக்கிறேன். லீவுக்கு வந்திருப்பீங்க, புரோக்கர் ஜீப்ல ஏத்திட்டுப் போய் காட்டியிருப்பான், பனி, டீ தோட்டம், ராத்திரியானா கீழ மேட்டுப்பாளையம் லைட்டு, மனசு கரைஞ்சிருக்கும். தப்பா சொல்லல, எங்கப்பா இதே மலையில 31 வருஷம் எஸ்டேட்ல வேலை பார்த்த மனுஷன், அவருக்கே கரைஞ்சுது.

வாங்காதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஏன்னா நான் குடியிருக்கிறதே அப்ரூவல் இல்லாத மனையில தான். இத மொதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாராவது வந்து "நீ யோக்கியனா"ன்னு கேக்க வேண்டாம்.

"பத்திரம் ஆகும்"னு அவர் சொல்றது பொய் இல்ல. பொய் இல்லங்கறது தான் இதுல பிரச்சனையே. 2016 செப்டம்பர் 9ம் தேதி சென்னை ஹைகோர்ட் அங்கீகாரம் இல்லாத மனைய பதிய தடை போட்டுச்சு, அதே வருஷம் அக்டோபர் 20லருந்து அந்த மாதிரி மனைய பதிய மறுக்கச் சொல்ற பதிவுச் சட்டம் 22-ஏ அமலுக்கு வந்துச்சு. ஆனா அதுலயே ஒரு வாசல் இருக்கு, ஒரு மனை முன்னாடியே வீட்டுமனைன்னு ஒரு தடவை பத்திரம் ஆகியிருந்தா மறுபடி பதியலாம். உங்களுக்குக் காட்டுறது அந்த மாதிரி பழைய மனையா இருக்கும். பதிவு ஆபீஸ்ல கைரேகை வச்சு, போட்டோ எடுத்து, எல்லாம் ஜோரா முடிஞ்சிடும். அப்புறம் வீடு கட்ட பிளான் தூக்கிட்டுப் போவீங்க பாருங்க, அங்க தான் "ரெகுலரைஸ் பண்ணியாச்சா"ன்னு கேப்பாங்க, அதாவது அப்ரூவல் இல்லாத மனைய கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்தியாச்சான்னு. சமவெளிக்கு அந்த ஸ்கீம் 2017லயே வந்துடுச்சு, மலைப்பகுதிக்குன்னு தனி ரூல்ஸ் 2020ல தான் வந்துச்சு, இடையில மூணு வருஷம் எங்க ஊர்ல பாதிப்பேர் வாசல் எதுன்னு தெரியாம ஆபீஸ் ஆபீஸா நின்னோம்.

இன்னொன்னு. "சப்-டிவிஷன் பட்டா ஆயிடுச்சு சார், தனி நம்பர் வந்துடுச்சு"ன்னு பட்டாவ நீட்டுவாங்க. சர்வேயர் வந்து அளந்து 3ஏ, 3பின்னு உடைச்சுக் குடுக்குறது ரெவின்யூ வேலை. யார்கிட்ட எவ்வளவு இடம் இருக்குங்கிற கணக்கு, அவ்வளவு தான். அந்த இடத்த மனையா பிரிக்கலாமான்னு சொல்ல வேண்டியது நகர் ஊரமைப்புத் துறை. அதுவும் ஹாகா கிராமம்னா, அதான் 1990ல வந்த மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையத்தோட லிஸ்ட்ல இருந்தா, வனத்துறை, கனிமவளம், வேளாண் பொறியியல்னு ஒவ்வொரு ஆபீஸ்லயும் தடையில்லா சான்று வாங்கணும். ரெண்டையும் "சப்-டிவிஷன்"ன்னே சொல்றதால நாமளும் ஏமாந்துடறோம். எங்கப்பா ஏமாந்தது இதுல தான்.

2012ல அவர் ரிட்டயர் ஆனப்ப கிராஜுவிட்டி, பிஎஃப் எல்லாம் சேர்த்து நாலரை சென்ட் வாங்குனார், சென்ட் 90 ஆயிரம். எங்க தாத்தா 1974ல இலங்கையில தலைமன்னார்லருந்து கப்பல்ல ராமேஸ்வரம் வந்து, தாயகம் திரும்புனவங்களுக்கான மண்டபம் கேம்ப்ல இருந்து இங்க அனுப்பப்பட்டவர். அங்கயும் எஸ்டேட் லயன் வீடு, இங்கயும் லயன் வீடு. மூணு தலைமுறையில சொந்தமா ஒரு கையளவு மண்ணு கூட கிடையாது. அதனால அந்த நாலரை சென்ட்டுக்கு எங்கப்பா நைலான் கயித்த வச்சு நாலு மூலையும் தானே அளந்தார், ரெண்டு தடவை. கல்லுக்கு சுண்ணாம்பு அடிச்சார். லேஅவுட் ஸ்கெட்ச் ஜெராக்ஸ் ஒன்னு குடுத்தாங்க, 14 மனை, நடுவுல "20 அடி ரோடு"ன்னு போட்டு பஞ்சாயத்து சீல். அத லேமினேட் பண்ணி சாமி படத்துக்குப் பின்னாடி வச்சிருந்தார்.

அந்த 20 அடி ரோடு ரோடே இல்ல. ஓடை.

இத நான் கண்டுபிடிச்சது 2021ல. அவர் இடம் பார்த்தது மாசி மாசம், மாசியில ஓடை எங்க தெரியும், மண்பாதை மாதிரி காய்ஞ்சு கெடந்திருக்கு, புரோக்கர் அதுல ரெண்டு லோடு ஜல்லியக் கொட்டி ரோடுன்னுட்டான். கோத்தகிரி பக்கம் ஊட்டி மாதிரி இல்லங்க, எங்களுக்கு தென்மேற்கு பெருசா கெடையாது, ஐப்பசி கார்த்திகை தான் வெளுத்து வாங்கும். 2009 நவம்பர்ல கேத்தி, குன்னூர், கோத்தகிரின்னு மலை சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல செத்தாங்களே, அதே மாசம். 2021 நவம்பர்ல ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா எழுப்புனாங்க, "டேய், யாரோ கதவத் தள்ளுறாங்கடா"ன்னு. டார்ச் அடிச்சா செந்தண்ணி, அதுல டீச்செடி வேரோட மிதந்து வருது. காலையில பார்த்தா தடுப்புச் சுவர் 40 அடி நீளத்துக்கு கீழ் வீட்டுக்காரர் கக்கூஸ் மேல படுத்திருக்கு. ஆளுக்கு ஒன்னும் ஆகல.

அதுக்கப்புறம் தான் நெட்ல எஃப்எம்பி எடுத்தேன், புலப்படம்னு தமிழ்ல சொல்றாங்க, ஒரு சர்வே நம்பரோட எல்லையையும் அளவையும் காட்டுற படம். பக்கத்து சர்வே நம்பர் எல்லாத்தையும் எடுத்து சாப்பாட்டு மேசையில ஒன்னோட ஒன்னு ஒட்ட வச்சுப் பார்த்தா, மேல தோட்டத்துலருந்து ஒரு நெளிநெளியான கோடு இறங்கி நேரா நம்ம "20 அடி ரோடு" வழியா போகுது. அப்பா கண்ணாடியப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நான் ரோடு ஓரம்னு சென்ட்டுக்கு அஞ்சாயிரம் ஜாஸ்தி குடுத்தேன்டா"ன்னார், அவ்வளவு தான்.

சரி, இனிமே சொல்றத படிச்சிட்டு திட்டணும்னா திட்டிக்கோங்க.

எங்களுக்கு மேல இருந்த தோட்டம் ஒரு கவுடரோடது, ஒரு ஏக்கர் 40 சென்ட். நல்ல மனுஷன், என் கல்யாணத்துக்கு வந்து அரைமூட்டை உருளைக்கிழங்கு குடுத்தவர். 2023ல அத மனையா பிரிக்க ஏற்பாடு நடந்துச்சு, ஒருத்தர் பார்ட்னரா சேர்ந்து முறையா லேஅவுட்டுக்கே போட்டாங்க, 22 மனைன்னு பேச்சு. தண்ணி மொத்தமா எங்க தலையில தான் இறங்கும். அக்டோபர் 2 கிராம சபையில நான் எழுந்து நின்னு ஆட்சேபணை சொன்னேன். எஃப்எம்பி எல்லாம் ஒட்டி சார்ட் மாதிரி கொண்டு போயிருந்தேன். லேஅவுட்ட நிறுத்த கிராம சபைக்கு அதிகாரம் இல்லன்னு எனக்கும் தெரியும், தீர்மானம்னு ஒன்னு இருந்தா திங்கக்கெழம கலெக்டர் மனுவோட வைக்கலாமேன்னு தான்.

கூட்டத்துல பின்னாடியிருந்து ஒருத்தன், "சிலோன்காரன் வந்து பட்டா இல்லாத எடத்துல குந்திக்கிட்டு நம்மூர் ஆளு தோட்டத்த விக்கக் கூடாதுங்கறான்"னான். பட்டா இருக்கு, அது வேற. சிரிச்சாங்க. எனக்கு 43 வயசு, பொறந்தது கோத்தகிரி ஆஸ்பத்திரியில. என் பொண்ணுக்கு சாதிச் சான்றிதழ் வாங்கப் போனா இன்னும் தாத்தாவோட ஃபேமிலி கார்டு எங்க, அசல் எங்கன்னு கேக்குறாங்க, மூணு தடவை திருப்பி அனுப்பி, அவ காலேஜ் அட்மிஷனுக்கு கடைசி நாள் சாயந்தரம் தான் கைக்கு வந்துச்சு. அம்பது வருஷம் ஆகியும் கேம்ப் பேப்பர் காட்டணும்னா என்ன அர்த்தம்? கூடலூர் பக்கம் செக்ஷன் 17 நிலத்துல, அதாவது பட்டா கெடைக்காம இழுத்துக்கிட்டே கெடக்குற பழைய ஜென்ம நிலத்துல இருக்கிற எங்காளுங்க கதை இதவிட மோசம், அத எழுதுனா தனிப் பதிலாயிடும், விடுங்க.

கவுடர் ஒன்னும் பேசல. கூட்டம் முடிஞ்சு டீக்கடையில என்னைப் பக்கத்துல உக்காரச் சொல்லி, "தம்பி, இலை கிலோ 15 ரூபாய்க்குப் போகுது. பறிக்கிற கூலிக்கே கட்டல. பையன் பெங்களூர்ல இருக்கான், வரமாட்டான். நான் என்ன பண்ணட்டும், சொல்லு"ன்னார். என்கிட்ட பதில் இல்ல. டீக்கு அவரே காசு குடுத்தார்.

இன்னொருத்தர் கேட்டது தான் இன்னும் குத்துது. "ஏம்பா, நீ வயரிங் வேலை பாக்குறவன், 22 வீடு வந்தா உனக்குத்தானே பொழப்பு?" உண்மை தான். கடந்த அஞ்சு வருஷத்துல நான் வயரிங் பண்ணுன வீட்ல பாதி வீடு பூட்டித்தான் கெடக்கு. மே மாசம் நாலு நாள், கிறிஸ்துமஸ்க்கு ரெண்டு நாள் லைட் எரியும். இன்வெர்ட்டர் பேட்டரி செத்துப் போச்சுன்னு போன் வரும், போய் மாத்திட்டு வருவேன். கேள்வி கேட்டவர் அப்படிப்பட்டவர்னு சொல்லல.

என் மனுவால என்ன ஆச்சுன்னா, ஓடைய விட்டுட்டு மறுபடி வரைபடம் குடுன்னு கேட்டாங்க. ஓடையையும் அதுக்கு ரெண்டு பக்கம் விட வேண்டியதையும் கழிச்சா ஆறேழு மனை போகுது. அதுக்கு மேல பொது இடம். 3000 சதுர மீட்டரத் தாண்டுன லேஅவுட்டுக்கு 10 சதவீதம் பொது இடம் காட்டணும், ஒரு ஏக்கர் 40 சென்ட்னா அஞ்சாயிரத்து அறுநூறு மீட்டருக்கு மேல வருதே. கட்டுப்படியாகலன்னு பார்ட்னர் விண்ணப்பத்த வாபஸ் வாங்கிட்டார். நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன். வீட்ல பாயசம் வச்சாங்க, பொய் சொல்வானேன்.

ஆறு மாசம் கழிச்சு அதே தோட்டம் பத்து சென்ட், பன்னெண்டு சென்ட்னு போச்சு, மனைன்னு இல்ல, "தேயிலைத் தோட்டம்"னு பத்திரத்துல எழுதி. விவசாய நிலம் தானே, லேஅவுட் எதுக்குன்னு. ரோடு இல்ல, வடிகால் இல்ல, பொது இடம் இல்ல. பர்மிஷன் இல்லாம ஜேசிபி ஓட்டக் கூடாதுன்னு மாவட்டத்துல உத்தரவு இருக்கு, அதனால சனிக்கெழம ராத்திரி ஓட்டுனாங்க. சில்வர் ஓக் நாலு சாஞ்சுது. மலைப்பகுதியில ஏழு மீட்டருக்கு மேல கட்டக் கூடாதுன்னு 1993லருந்து ரூல், மேல ஒருத்தர் கீழ்ப்பக்கத்துலருந்து எண்ணுனா மூணு மாடி, ரோட்டுலருந்து எண்ணுனா ஒன்னரை மாடி. நான் வாய மூடிட்டு இருந்திருந்தா அது முறையான லேஅவுட்டா வந்திருக்கும், வடிகாலாவது காட்டியிருப்பாங்க. இத எங்க ஊர்ல யார்கிட்டயும் நான் ஒத்துக்கிட்டதில்ல. உடனே "அப்போ எதிர்த்தது தப்பு தானே"ன்னு வராதீங்க. நான் ஓடைய விடுன்னு தான் கேட்டேன், விக்காதேன்னு கேக்கல.

எங்க மனைக்கு 2020 ரூல்ஸ்ல ரெகுலரைசேஷனுக்கு விண்ணப்பிச்சு, கட்ட வேண்டியதக் கட்டி, ரசீது வச்சிருக்கேன். ஓடை மேல இருக்கிற "ரோடு" விஷயத்துல தான் நிக்குது. ஞாயமான கேள்வி தான் கேக்குறாங்க, நான் தான் அந்தக் கேள்வியக் கெளப்பி விட்டவன்.

உங்க விஷயத்துக்கு வரேன். பட்டா, வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்த்துக்குவார். நீங்க எஃப்எம்பி எடுங்க, உங்க மனைக்கு மட்டும் இல்ல, மேல இருக்கிற ரெண்டு மூணு சர்வே நம்பருக்கும் சேர்த்து. 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி அது வீட்டுமனைன்னே பத்திரம் ஆகியிருக்கா, ரெகுலரைஸ் ஆர்டர் கையில இருக்கா, இல்ல "போட்டிருக்கோம்"னு வெறும் ரசீதான்னு பாருங்க. "பிரிக்கப்படாத பாகம்"னு, அதாவது உங்க எடம் எதுன்னு தனியா பிரிச்சுக் காட்டாத பங்குன்னு, பத்திரத்துல ஒரு வார்த்தை வந்தா எழுந்து வந்துடுங்க. அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ஐப்பசியில ஒரு தடவை மழையோட வாங்க, புரோக்கர் இல்லாம. ரோடுன்னு காட்டுன எடத்துல செருப்பக் கழட்டிட்டு நில்லுங்க.

சர்வே நம்பர் இன்பாக்ஸ்ல அனுப்புங்க, பக்கத்துப் படங்கள ஒட்டிப் பார்த்து சொல்றேன், காசெல்லாம் வேண்டாம். இந்த ஞாயித்துக்கெழம மட்டும் பாக்க முடியாது, தடுப்புச் சுவருக்கு மறுபடி கல்லு வருது, எறக்கணும்.