ஓய்வுக்காலத்துக்கு எவ்வளவு பணம் வேண்டும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எனக்கு வயது 46. ஓய்வுக்காலத்துக்கென்று இதுவரை எதுவும் சேர்க்கவில்லை. இனி தொடங்கிப் பயன் உண்டா?

உண்டு. ஆனால் தவறவிட்ட காலத்தை ஒரே பாய்ச்சலில் பிடிக்க நினைத்து, பெரிய லாபம் காட்டும் திட்டங்களில் பணத்தைப் போட்டுவிடாதீர்கள். உங்கள் வயதில் பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான். வருமானத்தில் எவ்வளவு சேமிக்கிறீர்கள், எந்த வயதுவரை வேலை பார்ப்பீர்கள் என்ற இரண்டும்தான் உங்கள் கையில் இருக்கின்றன. 60-க்குப் பதில் 63 வரை உழைத்தால் மூன்று ஆண்டு கூடுதலாகச் சேர்க்கலாம். அந்த மூன்று ஆண்டும் சேமிப்பைத் தொடவும் வேண்டாம். ஒவ்வொரு சம்பள உயர்விலும் பாதியை, செலவுக்குப் பழகும் முன்பே சேமிப்புக்குத் திருப்பிவிடுங்கள்.

எவ்வளவு சேர்த்தால் போதும்? இன்றைய மாதச் செலவை வைத்துக் கணக்குப் போடலாமா?

தொடக்கம் அதுதான், ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் செலவு இரட்டிப்பாகும். 60 வயதில் ஓய்வு பெற்று 90 வரை வாழ்பவருக்கு, முதல் ஆண்டில் 100 ஆக இருந்த செலவு கடைசியில் 570-ஐத் தாண்டிவிடும். வேலைக்குப் போய்வரும் செலவு குறையும்தான்; மருத்துவச் செலவு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் ஒரு கணக்கை வெளியிட்டார். முதல் ஆண்டு சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனாலும், பங்குகளும் கடன் பத்திரங்களும் கலந்த முதலீடு 30 ஆண்டு தாங்கும் என்றார். அதாவது ஓய்வு பெறும்போது ஓராண்டுச் செலவைப்போல் 25 மடங்கு சேமிப்பு வேண்டும். அவர் பார்த்தது அமெரிக்கச் சந்தையின் பழைய வரலாற்றை. அதனால் இதை ஒரு தோராய அளவாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 50 வயதிலேயே ஓய்வு என்றால் பணம் இன்னும் நீண்ட காலம் தாங்க வேண்டும்; அதற்கு 4 சதவீதம் எடுப்பதே அதிகம்.

அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். பணமெல்லாம் பங்குச்சந்தையில் இருக்கிறது. அப்படியே விடலாமா?

வேண்டாம். ஓய்வின் முதல் சில ஆண்டுகளில் வரும் வீழ்ச்சிதான் மிக ஆபத்தானது. 100-இல் 5 எடுத்துச் செலவு செய்த பிறகு சந்தை 30 சதவீதம் விழுந்தால் மிஞ்சுவது 66.5. பழைய 100-ஐத் தொட 50 சதவீதத்துக்கும் சற்று அதிகமான ஏற்றம் வேண்டும். அதற்குள் நீங்கள் இன்னும் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டு, மூன்று ஆண்டுச் செலவுக்கான தொகையை ஏற்ற இறக்கம் இல்லாத இடத்தில் வையுங்கள். அதற்காக எல்லாவற்றையும் வைப்புத்தொகைக்கு மாற்றினால், மெல்ல மெல்ல விலைவாசி தின்றுவிடும்.

மகளின் மேற்படிப்புக்கு ஓய்வுக்காலச் சேமிப்பை எடுக்கலாமா?

கூடாது என்பதே என் கருத்து. படிப்புக்குக் கடன் கிடைக்கும், அவளுக்குத் திருப்பிக் கட்ட வயதும் இருக்கிறது. உங்களுக்கு 70 வயதில் அந்த வழி இருக்காது.

வரவு செலவு எல்லாம் கணவர்தான் பார்க்கிறார். நானும் தெரிந்துகொள்ள வேண்டுமா?

கட்டாயம். பெண்களின் சராசரி ஆயுள் ஆண்களைவிட அதிகம். கடைசிச் சில ஆண்டுகள் தனியாக நிர்வகிக்க வேண்டிவரலாம். அவருடைய ஓய்வூதியம் அவருக்குப் பிறகும் உங்களுக்கு வருமா, வந்தால் எவ்வளவு என்பதை முதலில் கேளுங்கள். சரி, அப்புறம் கணக்குகள், காப்பீடு, கடன் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.