வெள்ளைக்காரன் விட்டுப்போன ஸ்னூப்பி

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய கார்ட்டூன் சாமான்கள் பற்றியவை. பிள்ளைகளின் படிப்பு மேசையில் இருக்குமே, பென்சில் கட்டர், பேனைத் தாங்கி, தகரப் பென்சில் பெட்டி, அந்த வகை. யாரோ எங்கேயோ விலையைக் கிளப்பி விட்டிருக்கிறார்கள். நீளமான கடிதங்களை வெட்டியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: மகனின் மேசைக்கென்று ஒருவரிடம் பேனைத் தாங்கி வாங்கினேன். நாய்க்கூட்டின் மேல் ஸ்னூப்பி படுத்திருக்கிறது. இங்கே இருந்த பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியின் பிள்ளை பாவித்தது, போகும்போது விட்டுப்போனார்கள் என்றார். 12,000 ரூபாய் கொடுத்தேன். அடியில் 1958, 1966 என்று இரண்டு வருடங்களும் யுனைட்டட் ஃபீச்சர் சிண்டிகேட் என்ற பெயரும் இருக்கின்றன. இதில் எது செய்த வருடம்?
உவர்மலை வாசகி

பதில்: இரண்டுமே இல்லை, அக்கா. முதலில் ஒரு சின்னக் கணக்கு. பிரிட்டிஷ் கடற்படை திருகோணமலைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனது 1957இல். 1966 என்று பொறித்த சாமானை அந்தப் பிள்ளை எப்படி விட்டுப்போயிருக்கும்? கப்பல் ஏறிய பிறகு தபாலில் போட்டதா?

வட்டத்துக்குள் C என்ற எழுத்துப் போட்டு அதன் பக்கத்தில் வரும் வருடம், அந்த உருவத்துக்கு உரிமை கோரிய வருடம். சாமான் எப்போது செய்யப்பட்டது என்பதற்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. ஸ்னூப்பி நாய் வரும் சித்திரக்கதையான சார்ல்ஸ் ஷுல்ஸின் பீனட்ஸ் 1950 ஒக்டோபரில் பத்திரிகைகளில் தொடங்கியது. ஸ்னூப்பி உருவத்துக்கு 1958, 1966 என்ற சோடி வருடங்களை 1970களிலும் 80களிலும் செய்த சாமான்களில்கூடப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆகவே அந்த இலக்கம் உங்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: 1966க்கு முந்தியதல்ல. அதற்குப் பிறகு எப்போது என்பதற்கு நாட்டின் பெயரைத் தேடுங்கள். ஜப்பானா, கொரியாவா, ஹொங்கொங்கா, சீனாவா என்று அடியில் பொறித்திருக்கும், அல்லது சின்னக் கடதாசி ஒட்டியிருக்கும். கழுவும்போது அந்தக் கடதாசியைச் சுரண்டி எறிந்துவிடாதீர்கள். உரிமையாளர் பெயர் பீனட்ஸ் வேர்ல்ட்வைட் என்று இருந்தால் 2010க்குப் பிந்தியது, ஆனால் உங்களுடையதில் அதற்கு முந்திய உரிமையாளரான யுனைட்டட் ஃபீச்சரின் பெயர் இருப்பதால் பெரும்பாலும் 70கள், 80கள் என்று வைத்துக்கொள்ளலாம். பொருள் போலி என்று நான் சொல்லவில்லை. கதைதான் போலி, நீங்கள் காசு கொடுத்தது கதைக்கு.

இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. இந்த ஊரில் கைப்பிடி உடைந்த கோப்பையிலிருந்து கால் ஆடும் கதிரை வரை எதை விற்றாலும் அது வெள்ளைக்காரன் டொக்யாட்டில் விட்டுப்போனதுதான், அவன் அவ்வளவு சாமானையும் இங்கே விட்டுப்போயிருந்தால் வெறும் கப்பலோடுதான் ஊர் போய்ச் சேர்ந்திருப்பான், ஆனாலும் நாங்கள் தலையாட்டிக்கொண்டு பணப்பையை எடுக்கிறோம். நானும் எடுத்தவன்தான். டொம் அன் ஜெர்ரி பேனைத் தாங்கி ஒன்று, 1940களில் செய்தது, ஒரு கப்டன் வீட்டுச் சாமான் என்று 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். அடியில் பச்சைத் துணி ஒட்டியிருந்தது. கடையில் வைத்து அதைத் தூக்கிப் பார்க்க வெட்கம். வீட்டுக்கு வந்து உரித்தால் உள்ளே டர்னர் என்டர்டெயின்மென்ட் என்று இருக்கிறது. அந்தப் பூனையும் எலியும் டர்னர் கம்பனியின் கைக்கு வந்ததே 1986இல். மனைவி இன்றைக்கும் அதைக் கப்டன் என்றுதான் கூப்பிடுகிறாள்.

கேள்வி: மிக்கி மவுஸ் பென்சில் கட்டர், பெட்டியோடு. 1928இல் செய்தது என்கிறார்கள். படம் அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா?
நிலாவெளி

பதில்: 1928 மிக்கி பிறந்த வருடம், உங்கள் படத்தில் பெட்டியின் ஓரத்தில் பார்கோட் தெரிகிறது, அது கடைகளுக்கு வந்ததே 1974இல்.

கேள்வி: தகரப் பென்சில் பெட்டி, மேலே டொனால்ட் டக். எழுத்து பாதி அழிந்துவிட்டது, டபிள்யூ.டி.பி. என்று மட்டும் தெரிகிறது. நன்றாகத் துருப்பிடித்திருப்பதால் மிகப் பழையது என்று நினைக்கிறேன். சரியா?
கிண்ணியா

பதில்: தம்பி, எங்கள் உப்புக்காற்றில் போன வருடம் வாங்கிய சைக்கிளைப் போய்ப் பாருங்கள். துரு வயதைச் சொல்லாது. தேய்ந்த இடம் ஓரளவு சொல்லும். பிள்ளை பாவித்த பெட்டி என்றால் மூடியைத் திறக்கும் விளிம்பு, மூலைகள், அடிப்பக்கம் இவை தேய்ந்திருக்கும், நடுப்படம் ஓரளவு தப்பியிருக்கும். எல்லா இடமும் ஒரே அளவில் சுரண்டுப்பட்டிருந்தால் யாரோ அரத்தாள் போட்டிருக்கிறார்கள். டபிள்யூ.டி.பி. என்பது வோல்ட் டிஸ்னி புரொடக்ஷன்ஸ். 1930களின் சாமான்களில் வோல்ட் டிஸ்னி என்டர்பிரைசஸ் என்று வரும், அதன் பிறகு புரொடக்ஷன்ஸ், 1986இல் கம்பனியின் பெயரே மாறிவிட்டது. எனவே உங்களுடையது 86க்கு முந்திய பெட்டியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பெயின்ட் மட்டும் பூசிவிடாதீர்கள்.

கேள்வி: இணையத்தில் ஒரு கடைக்காரர் போட்ட படத்தில் பழைய பீங்கான் மிக்கி உண்டியல் இருந்தது. தம்பியின் பிறந்தநாளுக்கென்று தையல் காசில் சேர்த்த 8,500 ரூபாயை வங்கியில் போட்டேன். வந்தது புது பிளாஸ்டிக். இப்போது என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். என் பிழையா?
மூதூர், வாசகி

பதில்: உங்கள் பிழை ஒன்றுமில்லை, தங்கச்சி. படத்தில் ஒன்றைக் காட்டி இன்னொன்றை அனுப்பியவனின் பிழை. விற்பவர் வியாபாரி என்பதால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்குபவரைத் தவறாக வழிநடத்தி விற்பது குற்றம். 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேளுங்கள், ஆனால் பேசியதோடு நிற்காமல் எழுத்தில் கொடுங்கள், விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். வங்கிச் சீட்டு, அவர் போட்ட படம், உரையாடல் எல்லாவற்றையும் இன்றிரவே பிரதி எடுத்து வையுங்கள், நாளைக்கு அவர் அழித்துவிடுவார். வந்த பொதியின் உறையையும் எறிய வேண்டாம். பொலிஸிலும் ஒரு முறைப்பாடு போடுங்கள். எழுதத் தடுமாறினால் எனக்கு அனுப்புங்கள், கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய கார்ட்டூன் மேசை மணிக்கூடு பழையதல்ல என்று இப்போது தெரிகிறது. பற்றுச்சீட்டு வாங்கவில்லை. கடையின் பெயரும் ஞாபகமில்லை. என்ன செய்யலாம்?
சீனக்குடா

பதில்: நேரம் பார்க்கலாம். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை என்று சட்டமே சொல்கிறது, நீங்கள் கேட்கவே இல்லை. பெயரும் தெரியாத கடைமேல் நான் என்ன செய்ய?

கேள்வி: அப்பாவின் பழைய வண்ணம் பூசிய பென்சில் கட்டரைப் பேத்திக்குக் கொடுக்கலாமா? வாயில் வைக்கும் வயது.
அன்புவழிபுரம்

பதில்: வேண்டாம். அந்தக் கால வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காகூட விளையாட்டுச் சாமான்களின் வண்ணத்தில் ஈயத்தை 1978இல்தான் தடுத்தது. அலுமாரியில் வைத்துக் காட்டுங்கள்.

கேள்வி: ஒரு பழைய சாமான் பேக்கலைட் என்ற அந்தக் காலப் பிளாஸ்டிக்கா என்று அறிய சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா?
தம்பலகாமம்

பதில்: நண்பரின் கையில் வைத்துக் குத்தச் சொல்லுங்கள். பொருள் செலுலொயிட் என்ற இன்னொரு பழைய பிளாஸ்டிக்காக இருந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும். இல்லாவிட்டாலும் ஓட்டை ஓட்டைதான். பெருவிரலால் சூடேறும்வரை அழுத்தித் தேய்த்து மணந்து பாருங்கள். மருந்துக்கடை நெடி வந்தால் பேக்கலைட், கற்பூர வாசனை வந்தால் செலுலொயிட், ஒன்றுமே வராவிட்டால் பெரும்பாலும் சாதாரண பிளாஸ்டிக். செலுலொயிட் என்றால் சுவாமி விளக்குப் பக்கம் வைக்க வேண்டாம்.