எல்லாம் தெரிந்த பிறகும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தமாக மூன்று ஆண்டுகளாக யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டிக்கு அருகே வசிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர், அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் தோற்றுவித்த மார்மன் சபையில் ஐந்து தலைமுறையாக இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். என்னைவிட அதிகம் படித்தவர். ஜோசப் ஸ்மித் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்களை மணந்தது, 1978 வரை கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் (சபையின் சடங்குகளைச் செய்யும் அதிகாரம்) மறுக்கப்பட்டது, எகிப்தியச் சுருள்களின் விவகாரம் எல்லாவற்றையும் அவரே எனக்குச் சொன்னார். ஆனாலும் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறார். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிறார். ஏன் என்று கேட்டேன். "சபையில் இருப்பதற்கான காரணங்களைத் தேடிக்கொண்டே இருக்கிறேன்" என்றார். முடிவை முன்பே எடுத்துவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது அல்லவா? எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனைக்கு அழைத்திருக்கிறார். போகலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

போங்கள். கடைசிக் கேள்விக்கு அவ்வளவுதான் பதில். அதற்கு முந்தைய கேள்விதான் இரண்டு நாட்களாக என்னைப் படுத்துகிறது.

உங்கள் பட்டியலில் உள்ள எதற்கும் என்னிடம் சமாதானம் கிடையாது. எகிப்தியச் சுருள்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1835இல் ஒஹாயோவின் கர்ட்லண்டில், ஊர் ஊராக மம்மிகளைக் காட்சிக்கு வைத்துக்கொண்டு வந்த ஒருவரிடம் 2,400 டாலர் கொடுத்து அவற்றை வாங்கினார்கள். ஆபிரகாமின் எழுத்து என்று சொல்லி ஜோசப் ஸ்மித் அதிலிருந்து ஒரு வேதநூலையே தந்தார். எஞ்சிய துண்டுகள் சில நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் கிடைத்து, 1967இல் சபையிடம் வந்து சேர்ந்தன. படித்துப் பார்த்த அறிஞர்கள், இறந்தவரோடு வைத்துப் புதைக்கும் ஈமச்சடங்கு ஏடுகள் இவை என்றார்கள். துண்டுகளில் உள்ள எழுத்துக்கும் அந்த வேதநூலுக்கும் பொருத்தமில்லை என்பதைச் சபையே 2014இல் ஒரு கட்டுரையில் ஒப்புக்கொண்டது. மூலம் தொலைந்துபோன வேறு பகுதியில் இருந்திருக்கலாம், அல்லது சுருள் வெறும் தூண்டுகோலாக இருந்திருக்கலாம் என்று இரண்டு வாசல்களையும் திறந்து வைத்தது. இரண்டும் எனக்குக் குறுகலாகத்தான் படுகின்றன.

ஆனால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அந்த வாசல்கள் வழியாக உள்ளே வந்தவர் இல்லையே. அவர் உள்ளேயே பிறந்தவர். நீங்கள் கடிதத்தில் 'நம்பிக்கை' என்று எழுதுகிறீர்கள். நம்மூர்க் கிறிஸ்தவர்களுக்கு அது 'விசுவாசம்'. விசுவாசத்துக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு. உப்பிட்டவரை விட்டுப் போகாமல் இருப்பதும் விசுவாசம்தான். நீங்கள் முதல் பொருளில் கேட்டீர்கள், அவர் இரண்டாவது பொருளில் பதில் சொன்னார் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டும் ஒரே சொல்லுக்குள் எத்தனை ஆழமாகவும் எத்தனை ஆபத்தாகவும் கலந்துகிடக்கும் என்பதற்கு ஜேன் மானிங் ஜேம்ஸ் என்ற பெண்மணியின் கதையைச் சொல்ல வேண்டும்.

கனெக்டிகட்டில் அடிமையல்லாத கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். மார்மன் போதகர் ஒருவரின் பேச்சைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்றார். 1843இல் தன் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு இல்லினாயில் இருந்த மார்மன் நகரமான நாவூவுக்குப் புறப்பட்டார். பஃபலோவில் படகில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். நடந்தார்கள், எண்ணூறு மைலுக்கு மேல். செருப்பு தேய்ந்து, பாதம் வெடித்து, மண்ணில் காலடி ஒவ்வொன்றும் இரத்தத்தில் பதிந்தது என்று முதுமையில் அவர் சொல்லி எழுதவைத்த வாழ்க்கைக் குறிப்பில் இருக்கிறது. நின்று மண்டியிட்டு ஜெபித்தார்களாம், பாதங்கள் ஆறினவாம். நாவூவில் ஜோசப் ஸ்மித்தின் வீட்டிலேயே வேலைக்கு அமர்ந்தார். தீர்க்கதரிசி என்று அவர்கள் போற்றிய ஸ்மித் கொல்லப்பட்ட பிறகு, 1847இல், மற்றவர்களோடு சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார்.

அங்கேதான் கதவு மூடியது. ஜோசப் ஸ்மித்தின் காலத்தில் எலைஜா ஏபல் என்ற கறுப்பினத்தவர் குருத்துவம் பெற்றிருந்தார். 1852இல், ஸ்மித்துக்குப் பின் சபையின் தலைவரான பிரிகாம் யங் அது கூடாது என்று அறிவித்தார். ஆலயத்தின் உயர்ந்த சடங்குகளும் கறுப்பினப் பெண்களுக்கு இல்லை என்றாயிற்று. ஜேன் விண்ணப்பித்தார். மறுத்தார்கள். அடுத்து வந்த தலைவர்களிடம் விண்ணப்பித்தார். மறுத்தார்கள். 1894இல் ஒரு விசித்திரமான சலுகை அளித்தார்கள்: மறுமையில் ஜோசப் ஸ்மித்தின் குடும்பத்துக்கு நித்தியப் பணிப்பெண்ணாக அவரை இணைக்கும் சடங்கு. அதற்குக்கூட அவரை ஆலயத்துக்குள் விடவில்லை. வேறொரு பெண் அவருக்குப் பதிலாக நின்றார்.

விசுவாசமான வேலைக்காரி! அந்தச் சொல்லின் கசப்பு முழுவதும் இதில் இறங்கிவிடுகிறது.

ஜேன் அதோடு திருப்தியடையவில்லை. மறுபடியும் விண்ணப்பித்தார். 1908இல் இறக்கும்வரை கிடைக்கவில்லை. ஆனாலும் தசமபாகம் கொடுத்தார், சபையின் உணவுக் கட்டுப்பாட்டைக் காத்தார், ஞானஸ்நானம் பெற்ற நாளைவிட இன்று தன் விசுவாசம் பலமாக இருக்கிறது என்று சொல்லி எழுதவைத்தார். அவருடைய இறுதிச் சடங்கில் சபையின் தலைவரே வந்து பேசினார். உயிரோடிருந்தபோது இல்லை என்று சொன்ன அதே பீடத்தின் தலைவர். 1978இல் தடை நீங்கியது. அடுத்த ஆண்டு ஜேனுக்கான சடங்கை அவர் பெயரில் வேறொருவர் நின்று நிறைவேற்றினார்.

இன்று சபை அவரை முன்மாதிரியாகக் கொண்டாடுகிறது. கதவை அடைத்தவர்கள் வெளியே நின்றவளின் பொறுமையைப் புகழ்வது எனக்கு ஒவ்வாது. அதற்காக அவரை ஏமாளி என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஏமாளி கேட்பதை நிறுத்திவிடுவான். இவர் கேட்டுக்கொண்டே இருந்தார், எழுந்து போகவும் இல்லை. அவரிடம் இருந்த காரணங்கள் வாதத்தில் கிடைத்தவை அல்ல. ஆறிய பாதங்கள் இருந்தன. நாவூவில் அந்த வீட்டின் கதவு தனக்குத் திறந்த நாள் இருந்தது. வேறு யாருடைய மறுப்பாலும் அந்த நாளை அவரிடமிருந்து பிடுங்க முடியவில்லை.

தன்னை ஏமாற்றிக்கொள்கிறவர் தகராறு உள்ள பக்கத்தைப் புரட்டாமல் விடுவார். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அதை எடுத்து வந்து உங்கள் முன் விரித்திருக்கிறார். இதே பக்கங்களைப் படித்துவிட்டு வெளியேறியவர்களும் யூட்டாவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய நேர்மை இதற்கு ஒரு மாற்றும் குறைந்ததில்லை. சில வீடுகளில் கணவன் போய்விட்டான், மனைவி இருக்கிறாள். அந்தச் சாப்பாட்டு மேசையின் மௌனத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

உங்கள் நண்பர் வெறும் நினைவுகளால் மட்டும் சபையில் இருக்கிறார் என்றும் எண்ண வேண்டாம். உள்ளூர்ச் சபையில் சம்பளம் வாங்கும் போதகர் கிடையாது. பல் வைத்தியரோ குழாய் பழுது பார்ப்பவரோ ஐந்தாண்டு வாக்கில் ஆயராக இருந்துவிட்டுப் பழைய பெஞ்சுக்குத் திரும்புவார். எந்தச் சபை என்பதை முகவரிதான் தீர்மானிக்கிறது. பிடித்த கூட்டமாகப் பார்த்துச் சேர முடியாது. சிறுவர் வகுப்பில் பாட்டுச் சொல்லித்தருவது, வீடு மாறுபவருக்குக் கட்டில் தூக்குவது, சாவு வீட்டுக்குப் பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கு செய்து கொண்டுபோவது என்று ஒவ்வொருவர் தலையிலும் ஏதோ ஒரு வேலை இருக்கும். (அந்தப் பண்டத்துக்கு அங்கே 'சாவுக் கிழங்கு' என்றே பெயர்!) பத்து வருடம் ஒருவர் வீட்டுக்குக் கிழங்கு கொண்டுபோனவரிடம் சுருளின் மொழிபெயர்ப்பு தவறு என்று நிரூபித்தால் அவர் ஒப்புக்கொள்ளக்கூடும். ஒப்புக்கொண்டுவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்புவார்.

காரணங்களைத் தேடிக்கொண்டே இருக்கிறேன் என்ற உங்கள் நண்பரின் சொற்களுக்கு அவர்களுடைய வேதத்திலேயே இடம் இருக்கிறது. மார்மன் புஸ்தகத்தில் ஆல்மா 32ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். உடை மோசம் என்று ஜெப ஆலயத்திலிருந்து துரத்தப்பட்ட ஏழைகள், அதைத் தங்கள் கையாலேயே கட்டியவர்கள், இனி எங்கே போய்த் தொழுவது என்று வந்து நிற்கிறார்கள். நம்ப வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தாலும் போதும், விதையைப் போல நட்டுப் பார்க்கலாம் என்கிறார் ஆல்மா என்ற தீர்க்கதரிசி. விசுவாசம் முழுமையான அறிவு ஆகாது என்றும் அங்கேயே சொல்கிறார்.

முரண் என்னவென்றால், நீங்கள் போகப்போகிற முதல் ஞாயிற்றுக்கிழமைதான் சாட்சி சொல்லும் நாள். யார் வேண்டுமானாலும் எழுந்து போய்ப் பேசலாம். பெரும்பாலானவர்கள் "இந்தச் சபை உண்மையானது என்று அறிவேன்" என்பார்கள். அப்பாவோ அம்மாவோ காதில் சொல்லிக்கொடுக்க, சிறு குழந்தைகளும் அதையே சொல்லும். 'அறிவேன்' என்ற அந்தச் சொல்தான் பிற்பாடு பலரை வெளியே தள்ளுகிறது என்பது என் எண்ணம். 'நம்ப ஆசைப்படுகிறேன்' என்று அந்த மேடையில் சொல்வதற்குத் தைரியம் வேண்டும். அன்று உங்கள் நண்பர் எழுந்து பேசினால் எந்த வினைச்சொல்லைப் பயன்படுத்துகிறார் என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.

அது உபவாச நாளும்கூட. இரண்டு வேளை சாப்பிடாமல் அந்தச் செலவை ஏழைகளுக்கான நிதியில் போடுவார்கள்; அதனால் கையில் இனிப்போடு போய் நிற்க வேண்டாம். ரொட்டியும் தண்ணீரும் தட்டில் வரும்போது எடுக்காமல் அடுத்தவரிடம் கடத்திவிடலாம், யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். மொத்தம் இரண்டு மணி நேரம். 2019க்கு முன் என்றால் மூன்று. இன்னொரு நாள் நீங்கள் அவரை வீட்டுக்கு அழைத்தால் தேநீர், காப்பி இரண்டும் கூடாது. சுக்கு மல்லிக் காப்பி கொடுங்கள். பெயரைக் கேட்டுத் திடுக்கிடுவார்; காப்பித்தூள் சேர்க்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்