டென்ஷன் இல்லாத வேலை கேட்ட ஓர் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

போன சனிக்கிழமை மகளின் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க நீங்கள் அவளோடு என்னிடம் வந்தபோது வெளியே ஆறேழு பேர் காத்திருந்தார்கள். பேச வேண்டியதில் பாதியைத்தான் பேச முடிந்தது. மீதியை எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சார், டென்ஷன் இல்லாத வேலையா ஒண்ணு சொல்லுங்க." உங்கள் வீட்டுக்காரர் இருபது வருடத்துக்கும் மேலாக பஸ் ஓட்டுகிறார். நாற்பது வயதிலேயே பிரஷர் மாத்திரை ஆரம்பித்துவிட்டது. ட்யூட்டி முடிந்து வந்தால் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். மகள் நர்சிங் படிக்கிறேன் என்கிறாள். நீங்கள் பேங்க் பரீட்சை எழுதட்டும் என்கிறீர்கள். "வீட்ல ஒரு ஆள் பட்டது போதும்" என்று நீங்கள் சொன்னது இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

டென்ஷன் இல்லாத வேலை என்று ஒன்றை என்னால் காட்ட முடியாது, அம்மா. ஆனால் எந்த டென்ஷன் ஆளைத் தின்கிறது, எது தூங்கி எழுந்தால் போய்விடுகிறது என்பதைச் சொல்ல முடியும். அதற்கு உங்கள் வீட்டுக்காரரின் வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

பஸ் ஓட்டுநர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். வண்டி ஓட்டுவது கஷ்டம் என்று அவர்களில் யாரும் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் வேறு. டைமிங் போடுவது யாரோ. நெரிசல் யார் கையிலும் இல்லை. லேட்டானால் பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் ஓட்டுநர். விரட்டிப் போனால் டீசல் மைலேஜ் ஏன் குறைந்தது என்று கேள்வி, நிதானமாகப் போனால் டிரிப் ஏன் விட்டுப்போனது என்று கேள்வி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நடுவில் சிறுநீர் கழிக்க இறங்கவும் நேரம் இருக்காது. அவர் வீட்டில் பேசாமல் இருப்பதை நீங்கள் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாள் முழுக்க எதிலும் தன் பேச்சு எடுபடாத ஒருவருக்கு, வீட்டுக்கு வந்த பிறகும் பேச வாய் வருவதில்லை.

1979-இல் ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத்தான் சொன்னார். வேலை அதிகமாக இருப்பது மட்டும் மனிதரை உடைப்பதில்லை. வேலை அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்பதில் தனக்கு எந்த அதிகாரமும் இல்லாமல் போகும்போதுதான் உடைகிறார். இங்கிலாந்தில் இதற்கு நல்ல சாட்சி கிடைத்தது. லண்டனில் அரசு ஊழியர்களை 1967 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெரிய பொறுப்பில் இருக்கும் அதிகாரிக்குத்தான் மாரடைப்பு வரும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். நடந்தது நேர் எதிர். கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்தது உயர் அதிகாரிகளைப்போல ஏறக்குறைய 3 மடங்கு. சிகரெட், கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985-இல் தொடங்கிய அடுத்த சுற்று ஆய்வில், வேலையில் தன் கையில் ஏதும் இல்லாத நிலையும் ஒரு காரணம் என்று தெரிந்தது.

சரி, இப்போது பேங்குக்கு வருவோம். ஏசி, ஞாயிற்றுக்கிழமை லீவு, மரியாதை என்று வெளியிலிருந்து தெரிகிறது. அதெல்லாம் உண்மைதான். கிளார்க் வேலையில் சேர்ந்தால் பெரும்பாலும் சொந்த மாநிலத்துக்குள்ளேயே இருக்கலாம், அதுவும் பெரிய வசதி. ஆனால் ஆபீசர் ஆனால் இடமாற்றம் உண்டு. இன்சூரன்ஸ் விற்க வேண்டும், கடன் வசூலாக வேண்டும், மாதக் கடைசியில் டார்கெட் எண்ணிக்கை வந்து நிற்கும். மனதுக்குப் பிடிக்காத ஒரு பாலிசியை வயதான ஒருவரிடம் சிரித்துக்கொண்டே விற்க வேண்டிவரும்போது வரும் பாரம் இருக்கிறதே, அது வேறு மாதிரி. உங்கள் மகள் பொய் சொல்லத் தெரியாத பெண் என்று நீங்களே சொன்னீர்கள். அவளுக்கு அது நிச்சயம் உறுத்தும்.

நர்சிங்கும் லேசான வேலை என்று சொல்ல மாட்டேன். தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் 12 மணி நேர ஷிஃப்ட். இரவு ட்யூட்டி மாறி மாறி வரும், தூக்கம் கெடும், மாதவிடாய்கூட முன்பின்னாகும். சம்பளம் ஆரம்பத்தில் குறைவு. அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வரலாம். ஆனால் ஒப்பந்தத்தில் சேர்ந்த செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டு வருடக்கணக்கில் போராடியதை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். உழைப்புக்கு ஏற்ற பலன் வராதபோது மனம் நோகும் என்பதை ஜெர்மனியின் யோஹன்னஸ் சீக்ரிஸ்ட் 1996-இல் தனிக் கோட்பாடாகவே எழுதினார். அதைப் படிக்காமலே நம் ஊர் செவிலியர்களுக்கு அது தெரியும்.

இன்னொன்றும் உண்டு. உள்ளே அழுகை முட்டினாலும் முகத்தில் காட்டாமல் இருப்பதே ஒரு வேலை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்ட் 1983-இல் விமானப் பணிப்பெண்களை வைத்து இதை விளக்கி, அதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயர் வைத்தார். ஜவுளிக்கடையில் ஐம்பதாவது புடவையையும் முகம் சுளிக்காமல் விரித்துக் காட்டும் பெண் செய்வதும் அதேதான். ஒரு குழந்தை இறந்த படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குச் சிரித்த முகத்தோடு போகும் செவிலியர் செய்வதும் அதேதான். இதற்கென்று சம்பளச் சீட்டில் தனித் தொகை கிடையாது.

ஜவுளிக்கடை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்த்த அந்தப் பெண்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. கேரளத்தில் அதற்கு முன்பே, கடைப் பெண்கள் சேர்ந்து கேட்டதால் வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மன அழுத்தம் என்றவுடன் நாம் அந்த ஆளிடம்தான் யோகா செய், தியானம் செய் என்கிறோம். கால் வலிக்கு நாற்காலிதானே மருந்து? வேலையை மாற்ற முடிகிற இடத்தில் வேலையை மாற்ற வேண்டும். மாற்ற முடியாததற்குத்தான் மனதைப் பழக்க வேண்டும்.

அப்படியென்றால் நர்சிங்கில் என்ன நல்லது? கூடப் பேச ஆட்கள் இருக்கிறார்கள், அம்மா. ஓட்டுநர் இருக்கையில் ஒருவர்தான் உட்கார முடியும். வார்டில் ஷிஃப்ட் மாறும்போது நாலு பேர் சேர்ந்து நின்று நோயாளிகளைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லி ஒப்படைக்கிறார்கள். அந்த நேரத்தில் மனதில் கிடப்பதும் கொஞ்சம் இறங்கும். ராமேஸ்வரம் பக்கம் கடலுக்குப் போய்வரும் ஆட்கள் கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டே பேசுவதைப் பார்த்தால் இது புரியும். கடலில் நடந்ததைக் கரையில் கொட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அந்தப் பேச்சு இல்லாத இடங்களில் பல ஆண்கள் நேராகச் சாராயக் கடைக்குப் போகிறார்கள். இது நான் குடும்பம் குடும்பமாகப் பார்த்து வருத்தப்பட்ட விஷயம்.

அதனால் எந்த வேலையாக இருந்தாலும், அங்கே தப்பு நடந்தால் பேச ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். சம்பளத்தை அப்புறம் கேட்கலாம்.

இப்போது மகளைப் பற்றி. அரையாண்டில் இயற்பியலில் மதிப்பெண் குறைந்தபோது என்ன செய்தாள் என்று கேட்டேன். ஒருநாள் அழுதாள், மறுநாள் பக்கத்துத் தெரு அக்காவிடம் போய்ச் சந்தேகம் கேட்டாள் என்றீர்கள். நீங்கள் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள். எனக்கு அதுதான் அவளுடைய மதிப்பெண் பட்டியலைவிடப் பெரிதாகப் பட்டது. அழவும் தெரிகிறது, உதவி கேட்கவும் தெரிகிறது. பாட்டியின் சர்க்கரைப் புண்ணுக்குத் தினமும் கட்டுப் போடுவது அவள்தான் என்றும் சொன்னீர்கள்.

நைட் ட்யூட்டி பார்க்கும் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது என்று உங்கள் அண்ணி சொன்னதாக வருத்தப்பட்டீர்கள். அந்தப் பேச்சு அவள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலையின் பாரத்தோடு சொந்தக்காரர்களின் பேச்சையும் சேர்த்துச் சுமக்க வைப்பது அநியாயம். அதேபோல, கல்விக் கடன் எடுத்தால் அதை உன் தலையில்தான் கட்டியிருக்கிறோம் என்று சண்டையில்கூடச் சொல்லிவிடாதீர்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகள் அந்த ஒரு வாக்கியத்தாலேயே, பிடிக்காத வேலையை விடவும் முடியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். இத்தனை வருடம் விலக மாட்டேன் என்று பாண்டு எழுதிக் கேட்கும் இடத்தில் ஒரிஜினல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால் அங்கே சேர வேண்டாம். இதில் நான் கண்டிப்பாக இருப்பேன்.

உங்கள் வீட்டுக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 14416 என்று ஓர் எண் இருக்கிறது. மனநல ஆலோசனைக்கான போன் சேவை, டெலி மானஸ் என்று பெயர், மத்திய அரசு 2022-இல் தொடங்கியது. காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். பைத்தியத்துக்கு வைத்தியம் என்று அவர் நினைத்துக்கொண்டால், தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்லிப் பேசச் சொல்லுங்கள்.

கலந்தாய்வுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்த செவிலியர் ஒருவர் இரவு ட்யூட்டி முடித்து வெளியே வரும் நேரத்துக்கு மகளை அழைத்துப் போங்கள். டீ வாங்கிக் கொடுத்து, அவரோடு அரை மணி நேரம் இவளைத் தனியாகப் பேசவிடுங்கள். நீங்கள் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அப்புறம் அடுத்த சனிக்கிழமை மூன்று பேருமாக வாருங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு ட்யூட்டி இருந்தால் சொல்லுங்கள், ஆஃப் கிடைக்கும் நாளுக்கு நேரத்தை மாற்றிவைக்கிறேன்.