ஜூனியர் பெண்கள் சாஃப்ட்பால் உலகப் போட்டியில் எப்போதும் அமெரிக்காவும் ஜப்பானும் மட்டுமே ஜெயிப்பது ஏன்?

ஒரே ஒரு தடவை சீனாவும் ஜெயித்திருக்கிறது, 1985-இல். மற்றபடி நீங்கள் கேட்டது சரிதான். 1981-இல் கனடாவின் எட்மன்டனில் தொடங்கி 2019 வரை நடந்த 13 போட்டிகளில் அமெரிக்கா 7, ஜப்பான் 5. அதன் பிறகு வயது வரம்பு 19-இலிருந்து 18-க்கு இறங்கிவிட்டது.

காரணம் கேட்டால் நான் பிட்சரைத்தான், அதாவது பந்து போடுகிறவளைத்தான் காட்டுவேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பள்ளி அணிக்கு மூன்று வருடம் கேட்சராக, பிட்சர் போடும் பந்தைப் பிடிக்கிறவளாகக் குந்தி உட்கார்ந்தவள் நான். அதனால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து, அடிக்கிறவள் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 13.11 மீட்டர்தான். பேஸ்பாலில் இது 18.44. கையை ஒரு முழு வட்டம் சுழற்றி இடுப்போரமாகப் பந்தை விடுவார்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் வந்தால் அடிக்கிறவளுக்கு அரை நொடிகூடக் கிடையாது. அதற்குள் பந்து கீழே விழப்போகிறதா, மேலே எழும்பப்போகிறதா, வேகம் செத்து வரப்போகிறதா என்று கண்டுபிடித்தாக வேண்டும். ஒரு நல்ல பிட்சர் இருந்தால் மீதி எட்டுப் பேர் சுமாராக இருந்தாலும் ஓட்டிவிடலாம். அவள் இல்லையென்றால் ஐந்தாவது இன்னிங்ஸோடு மூட்டை கட்டலாம். அப்போது 7 ரன் வித்தியாசம் இருந்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். நாங்கள் அப்படி நிறுத்தப்பட்டவர்கள்தான், ஒரு தடவை மட்டுமில்லை.

யுகிகோ உவெனோவைப் பாருங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இரண்டே நாளில் 413 பந்து போட்டு ஜப்பானுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். 1999-இல் தைப்பேயில் ஜூனியர் உலகப் போட்டியை ஜெயித்த அணியிலும் அவர் இருந்தார், பள்ளி மாணவியாக. ஜப்பானில் பள்ளி முடித்தால் கம்பெனி அணிகள் எடுத்துக்கொள்ளும். தோக்கியோவில் மறுபடியும் தங்கம் வாங்கியபோது அவருக்கு வயது 39.

அமெரிக்காவில் நடந்தது வேறு கதை. 1972-இல் வந்த டைட்டில் நைன் சட்டத்துக்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் பெண்கள் விளையாட்டுக்கும் காசு ஒதுக்க வேண்டி வந்தது. சாஃப்ட்பால் ஆடினால் படிப்புக்கு உதவித்தொகை கிடைக்கும் என்றால் எந்த அப்பாதான் பத்து வயது மகளுக்கு பிட்சிங் கோச் வைக்க யோசிப்பார்?

எங்கள் பிட்சர் முதல் தடவை பந்தைத் தொட்டது முதலாம் படிவத்தில், 13 வயதில். தோட்டத்து லயத்திலிருந்து வந்த பிள்ளை. அவள் அம்மா விடியுமுன்னே பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்கப் போகிறவர். அந்தக் கை மகளுக்கும் வந்திருந்தது, என் உள்ளங்கை சாட்சி. ஆனால் சுழற்றச் சொல்லித்தர ஆள் இல்லை. பயிற்சி கொடுத்த டீச்சர் அசலில் வலைப்பந்துக்காரர், பாவம், புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு அணிக்கும் சேர்த்துப் பத்து கிளவுஸ். இடதுகைக்காரி ஒருத்தி வலதுகைக்காரிகளின் கிளவுஸைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு மூன்று வருடம் ஓட்டினாள். மூன்றாவது பேஸுக்கு அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டம். கோட்டுக்கு வெளியே அடிபடும் ஃபவுல் பந்து அதற்குள் போனால் ஆட்டம் நின்றுவிடும். உதிர்ந்து கிடக்கும் பழங்களுக்கு நடுவே மஞ்சள் பந்தைத் தேட வேண்டும், பாம்பு இருக்கிறதா என்று குச்சியால் தட்டிக்கொண்டே. வீட்டில் பேட் கிடையாது என்பதால் துடைப்பக் கட்டையில் அடித்துப் பழகினோம். (1887-இல் சிகாகோவில் இந்த ஆட்டமே குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டித் துடைப்பக் கட்டையால் அடித்துத்தான் பிறந்தது என்று பிற்பாடு படித்தபோது ஒரு அற்ப சந்தோஷம்.)

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. நான்காம் படிவத்தில்தான் அவள் பந்து உண்மையிலேயே விழ ஆரம்பித்தது. பேட்டுக்கு முன்னால் சட்டென்று கீழே இறங்கும், எனக்கே சில நேரம் பிடிபடாது. மாநிலத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, ஈப்போவில். தோட்டத்திலிருந்து அந்த நேரத்துக்கு பஸ் இல்லை, கூட்டிப் போகிறேன் என்றவரும் வரவில்லை. மறு வருடம் எஸ்.பி.எம்., பள்ளி இறுதிப் பரீட்சை. "பரீட்ச வருது, அந்தக் கட்டைய உள்ள வை" என்று அவள் அம்மா சொல்லிவிட்டார். என் வீட்டிலும் அதேதான், வார்த்தைகூட மாறவில்லை.

17 வயது. ஜூனியர் உலகப் போட்டியில் உவெனோ ஆடியபோது அவருக்கும் கிட்டத்தட்ட அதே வயது.

இப்போது அக்கா மகள் இரண்டாம் படிவத்தில் பிட்சர். மோட்டார் நிறுத்தும் இடத்துச் சுவரில் பந்தடித்துச் சுண்ணாம்பையெல்லாம் உதிர்த்து வைத்திருக்கிறாள். போன வாரம் வந்து, "சின்னம்மா, பந்த விடுறப்போ முன்கை இடுப்புல உரசணுமாமே, அப்படியா?" என்றாள். யூடியூப்பில் பார்த்தாளாம். எனக்கு அது தெரியவே தெரியாது. எழுந்து போய், பந்து இல்லாமல், நானும் நாலு தடவை கையைச் சுற்றிப் பார்த்தேன். உரசத்தான் செய்கிறது.