அதிகம் பேர் பார்த்திராத, அப்பா-பிள்ளைகளைப் பற்றிய பழைய நகைச்சுவைப் படம் ஒன்று சொல்லுங்களேன்?

யசுஜிரோ ஓசு 1932-ல் எடுத்த 'ஐ வாஸ் பார்ன், பட்...' என்ற ஜப்பானிய மௌனப் படம். அந்த ஆண்டின் சிறந்த படமாகக் 'கினேமா ஜுன்போ' பத்திரிகை தேர்ந்தெடுத்தது இதைத்தான். ஆனால் ஓசு என்றாலே பலரும் 'டோக்கியோ ஸ்டோரி'யோடு நின்றுவிடுகிறார்கள்.

டோக்கியோ புறநகரில், முதலாளி வீட்டுக்குப் பக்கமாகப் பார்த்துக் குடியேறுகிறார் அப்பா யோஷியி. எதற்கு? காக்காய் பிடிக்கத்தான். அவருடைய இரண்டு மகன்களுக்கோ உலகத்திலேயே பெரிய ஆள் அப்பாதான். புது இடத்துப் போக்கிரிப் பையன்களோடு மோதல், பலம் வரும் என்று குருவி முட்டை, பள்ளிக்கு மட்டம் என்று பாதிப் படம் ஜாலியாக ஓடுகிறது. மதுக்கடைப் பையனைப் பிடித்து எதிரியை விரட்டச் செய்கிறார்கள். முதலாளி மகனையும் கவனி என்றால் மட்டும் அவன் மறுத்துவிடுகிறான். அந்த வீட்டில்தான் அதிகம் சரக்கு வாங்குகிறார்களாம்! சிரித்துவிட்டுக் கடந்துபோகிற இந்த இடத்திலேயே முழுக் கதையும் இருக்கிறது என்பேன்.

அப்புறம் ஒருநாள், முதலாளி தன் கேமராவில் எடுத்த படங்களை வீட்டில் போட்டுக் காட்டுகிறார். திரையில் அப்பா முகத்தைக் கோணலாக்கி அழகு காட்டுகிறார். பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நாமும்தான், தட்சுவோ சைட்டோவின் நடிப்பு அப்படி. உடனே பையன்களின் முகத்தைக் காட்டுகிறார் ஓசு. நம் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

வீட்டில் ரகளை. முதலாளிக்கு ஏன் கும்பிடு போடுகிறீர்கள் என்று கேட்கிறார்கள் பையன்கள். சம்பளம் தருகிறாரே. அப்போ வாங்காதீர்கள். வாங்காவிட்டால் சாப்பாடு? சரி, சாப்பிட மாட்டோம்! காலையில் நிஜமாகவே உண்ணாவிரதம். கல்யாணமே செய்துகொள்ளாத ஓசு இந்தச் சண்டையை இவ்வளவு துல்லியமாக எப்படி எடுத்தாரோ.

சமரசம் தோட்டத்தில், சோற்று உருண்டைகளோடு. பெரியவனானதும் என்ன ஆவாய் என்று சின்னவனைக் கேட்கிறார் அப்பா. லெப்டினன்ட் ஜெனரலாம். ஏன், ஜெனரல் ஆகக்கூடாதா? அது அண்ணனுக்காம். ஆக, முதலாளிக்குப் பணியும் அப்பாமேல் கோபப்பட்டு முடித்த கையோடு, இவனும் தனக்கு மேலே ஒருவனை வைத்துக்கொண்டுவிட்டான். சின்னவனாக வரும் டொக்கான் கோசோ இருக்கும் காட்சியில் மற்றவர்கள் எடுபடுவதே கஷ்டம்.

மௌனப் படமாயிற்றே என்று தயங்க வேண்டாம், ஒன்றரை மணி நேரம் போவதே தெரியாது. பிடித்திருந்தால், இதே சாயலில் ஓசு 1959-ல் வண்ணத்தில் எடுத்த 'குட் மார்னிங்' படத்தையும் பாருங்கள். அதில் பையன்கள் டிவி வாங்கித் தரச் சொல்லி மௌன விரதம் இருக்கிறார்கள்.