கணக்கெழுதுவோருக்கு உறுப்பினர் தகுதி தேவையா?

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதி வருகிறேன், பட்டயக் கணக்காளர் அல்லேன். கணக்கெழுதுவோருக்கான தொழில்முறை அமைப்பொன்றில் உறுப்பினராகச் சேருமாறு நண்பர் வற்புறுத்துகிறார். கணினியே பேரேட்டை எழுதிவிடும் இக்காலத்தில், தேர்வு எழுதிச் சந்தாவும் செலுத்துவதால் எனக்கு என்ன பயன்?

பதில்: முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பேரேட்டில் எடுத்தெழுதுவதையும் கூட்டல் போடுவதையும் கணினி செய்துவிடும் என்பது உண்மையே. ஆனால் உங்கள் தொழிலின் உயிர் அங்கே இல்லை. உரிமையாளர் தம் வீட்டுக்கு வாங்கிய பொருளின் சீட்டை நீட்டி, அதை அலுவலகச் செலவாக எழுதச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியே எழுதினாலும் பற்றும் வரவும் சமமாகவே இருக்கும். பற்று, வரவு மொத்தங்கள் சமமா என்று சரிபார்க்கும் இருப்பாய்வு குறையின்றிப் பொருந்தும். ஆனால் எடுப்புகளில், அதாவது உரிமையாளர் சொந்தத் தேவைக்கு எடுத்ததைக் காட்டும் கணக்கில், சேர வேண்டிய தொகை செலவில் சேர்ந்து, இலாபம் குறைந்துவிடும். இது, தொகை தவறான வகைக் கணக்கில் சேரும் விதிப் பிழை என்பதும், இருப்பாய்வு இதைக் காட்டிக்கொடுக்காது என்பதும் நீங்கள் அறிந்தவையே. இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாசியோலி 1494-இல் வெனிஸில் அச்சிட்ட நூலில் விவரித்த, ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்றாகவும் வரவாகவும் எழுதும் இரட்டைப் பதிவு முறை இன்றும் மாறவில்லை. பதிவு எந்தக் கணக்கில் சேர வேண்டும் என்று முடிவுசெய்யும் பொறுப்பும் இன்றுவரை எழுதுபவரிடமே இருக்கிறது.

அந்த இடத்தில் ‘எழுத மாட்டேன்’ என்று சொல்வது, மாதச் சம்பளத்தையோ வாடிக்கையாளரையோ நம்பியிருக்கும் தனி மனிதருக்கு எளிதன்று. உறுப்பினராக இருப்பவர், ‘நான் கட்டுப்பட்டுள்ள நடத்தை விதி இதை அனுமதிக்கவில்லை, மீறினால் என் மீது புகார் அளிக்கலாம், உறுப்பினர் தகுதியே பறிபோகலாம்’ என்று சொல்ல முடிகிறது. மறுப்பு அவருடைய தனிப்பட்ட பிடிவாதமாக அல்லாமல் தொழிலின் நெறியாகக் கேட்பவருக்குப் புரிகிறது. சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டுவதைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஐயம் எழும்போது கலந்து பேச அதே தொழிலில் உள்ளவர்கள் கிடைப்பார்கள் என்பதும், தனியே அமர்ந்து கணக்கெழுதும் ஒருவருக்குச் சிறிய உதவியன்று.

கணக்காளர்களுக்கு 1854-இலேயே எடின்பரோவில் அரச சாசனம் பெற்ற சங்கம் இருந்தது. கணக்கெழுதுவோருக்கான அமைப்புகள் பெரும்பாலும் மிகப் பிற்காலத்தவை: அமெரிக்கத் தொழில்முறைக் கணக்கெழுதுவோர் நிறுவனம் 1987-இலும், பிரிட்டனின் சான்றுபெற்ற கணக்கெழுதுவோர் நிறுவனம் 1996-இலும் தோன்றின. முன்னது சான்றளிக்கும்போது தேர்வோடு இரண்டு ஆண்டு அனுபவத்தையும் கேட்கிறது; உங்கள் பன்னிரண்டு ஆண்டுகளை வீணென்று கருதிவிடாதீர்கள்.

ஆனாலும் எல்லா அமைப்பும் ஒன்றல்ல. பணம் கட்டிய உடனே, தேர்வோ அனுபவச் சான்றோ கேளாமல் உறுப்பினராக்கும் இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். நடத்தை விதியை வெளியிட்டிருக்கிறார்களா, புகாரை எவ்வாறு விசாரிக்கிறார்கள், ஆண்டுதோறும் தொடர் கல்வியைக் கட்டாயமாக்குகிறார்களா என்று கேட்டறிந்து, இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்தால் தயங்காமல் சேருங்கள்.